கறுப்பில் நிற்கும் மெயில்கள்

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

கால் எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, நடுவில் அண்ணன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். எழுதினால் நான் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்த மெயில். ஆபீஸ் முகவரிக்கு அல்ல, உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்புகிறேன்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் லிஃப்ட் பழுதாகி, அங்கே வேலை பார்க்கிறவரே படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார் என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம்தான் ஐயோ பாவம் என்கிறார்கள். நம் வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, அதனால்தான் நீங்கள் வேறு ஊரில் உங்கள் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் படுத்திருக்கிறீர்கள் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. மறுபடி சிரிப்பார்கள்.

இன்று ஆபீஸில் உங்களுக்குப் பதிலாக உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. இன்பாக்ஸைத் திறந்தேன், தலை சுற்றிவிட்டது. பாதி மெயில்கள் படிக்காதவை போல் கறுப்பாகத் தடித்த எழுத்தில் நிற்கின்றன, பாதி வெளுத்துக் கிடக்கின்றன. போன வருஷத்து மெயில் ஒன்று கறுப்பு. நேற்று வந்தது வெளுப்பு. ஓரத்தில் பார்த்தால் மாமியார், சம்பந்தி, பங்காளி, பெரியப்பா, மச்சான் என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஆபீஸா, கல்யாண மண்டபமா என்றே புரியவில்லை. கடைசியில் ‘நாத்தனார்’ என்று ஒன்று. பயந்துகொண்டே திறந்தேன். உள்ளே முழுக்கக் குப்பை விளம்பரங்கள். சோபா விற்கிறார்கள், முடி வளர எண்ணெய் விற்கிறார்கள்.

மனசு கொஞ்சம் வலித்தது, அண்ணி. வேலை இல்லாமல் ரெண்டு வருஷம் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக இப்படியா?

எதை எங்கே போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

வாலு

மார்ச் 4, செவ்வாய்

வாலு,

கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. கட்டுக்குள் அரிக்கிறது, சொறிய முடியாது. மாத்திரை போட்டால் பாதி நாள் தூங்குகிறேன், மீதி நாள் தூங்கினேனா என்று யோசிக்கிறேன்.

கேட்டுக்கொள். தினமும் குற்றம் கண்டுபிடித்து எழுதுகிறவர்கள் மாமியார். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய கடை மாதிரி மரியாதையாகப் பதில் போட வேண்டியவர்கள் சம்பந்தி. நம் வேலையைப் பறிக்கப் பார்க்கிற மற்ற கம்பெனிகள் பங்காளி. பக்கம் பக்கமாக எழுதிவிட்டு விஷயத்தைக் கடைசி வரியில் சொல்கிறவர்கள் பெரியப்பா. பாகங்கள் விற்கிறவர்கள் மச்சான், தங்களுக்குத் தேவை இருந்தால் மட்டும் தலையைக் காட்டுவார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நாத்தனார் என்று வைத்தது உன்னை நினைத்து அல்ல, உன் பெரிய அக்காவை நினைத்து. கூப்பிடாமலே வருகிறவை எல்லாம் அதில் போகும். அவளிடம் சொல்லாதே.

புகார் வந்தால் மெக்கானிக்குக்கு அனுப்பு. அவர் சரிசெய்துவிட்டதாகச் சொன்ன பிறகு, “தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது, லிஃப்டைப் பயன்படுத்தலாம்” என்று நான் தயாராக வைத்திருக்கும் கடிதத்தை அனுப்பு. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை அங்கே உட்கார வைத்ததே வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மேனேஜர் கொஞ்ச நாளாகவே புது ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் கோலை ஊன்றி வந்து சேரும்வரை அந்த நாற்காலி சூடு ஆறாமல் இருக்க வேண்டும். உன்னை நம்பித்தான் படுத்திருக்கிறேன்.

அண்ணி

மார்ச் 10, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. பதறாதீர்கள், நல்லபடியாகத்தான் முடிந்தது.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, லீவு நாளில் மெயில் அனுப்புகிறவர்கள் பதில் இல்லையே என்று தவிக்கக் கூடாது என்று, “தங்கள் மெயில் கிடைத்தது, நன்றி” என்று தானாகப் போகிற மாதிரி ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். கேபிள் விற்கிற மச்சானும் அவர் ஆபீஸில் அதே மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மெயிலுக்கு நம் இயந்திரம் நன்றி சொல்ல, அந்த நன்றிக்கு அவர் இயந்திரம் நன்றி சொல்ல, மனுஷன் யாருமே இல்லாமல் ரெண்டும் சனி, ஞாயிறு முழுக்க மாறி மாறி நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. இன்று காலையில் திறந்தால் ஆயிரக்கணக்கில் கறுப்பு. எது புகார், எது நன்றி என்றே தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்புறம் யோசித்தேன். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘படித்தாகிவிட்டது’ என்று ஒரே அழுத்து. இன்பாக்ஸ் முழுக்க வெளுத்துவிட்டது. மச்சானின் நன்றிகளைத் தூக்கி எறிந்தேன். மீதியை அவரவர் ஃபோல்டரில் போட்டேன். பழைய புகார்களில் சிலவற்றுக்குப் பதிலே போகவில்லை என்று பார்த்து, அவர்களுக்கெல்லாம் நீங்கள் வைத்திருக்கும் அந்தக் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன். இத்தனை மாசத்துப் பழைய புகாரா இன்னும் சரிசெய்யாமல் இருக்கும்?

சாயந்திரம் மேனேஜர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “ஒன்பது வருஷத்துல இந்த இன்பாக்ஸ் இப்படி வெறிச்சுன்னு இருந்து நான் பார்த்ததே இல்லம்மா” என்றார். அண்ணி, என் வாழ்க்கையில் ஒரு வேலையைச் செய்து யாரும் என்னைப் பாராட்டியது இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். இந்த இன்பாக்ஸை இப்படி வெறிச்சென்று பார்த்ததே இல்லையாம்.

வாலு

மார்ச் 11, செவ்வாய்

வாலு,

மேனேஜர் சொன்னதை ரெண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவையே எனக்குப் புரிந்தது.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? கறுப்பாக இருந்தவை படிக்காதவை இல்லை. ஒவ்வொன்றையும் நான் வந்த அன்றே படித்துவிடுவேன். படித்துவிட்டு, வேலை முடியாவிட்டால் மறுபடியும் படிக்காததாக மாற்றி வைப்பேன். வேலை முடிந்த பிறகுதான் வெளுக்கவிடுவேன். கறுப்பு என்றால் இன்னும் கைவிடவில்லை என்று அர்த்தம். அந்தக் கறுப்புதான் என் மூளை. அதை ஒரே அழுத்தில் துடைத்துவிட்டாய்.

சொல்லவில்லையே என்பாய். மூச்சுவிடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

அதைவிட மோசம் அந்தக் கடிதம். சரிசெய்யாத லிஃப்டுக்கெல்லாம் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். உடனே எல்லோருக்கும் இன்னொரு மெயில் போடு. முன்பு வந்த கடிதத்தை நம்ப வேண்டாம், மெக்கானிக் வந்து பார்க்கும்வரை பொறுங்கள் என்று எழுது.

நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பட்டன் விளக்கு, அது ஆபத்தில்லை. துணிக்கடையில் கதவு பாதியில் நிற்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். லிஃப்ட் தரை மட்டத்துக்கு வராமல் ஒரு சாண் கீழேயே நிற்கிறது, பிரேக் தேய்ந்துவிட்டது, புதுசு வரும்வரை மெக்கானிக் அணைத்து வைத்திருக்கிறார். எந்த வீடு? யார் எழுதியது? முகம் வருகிற மாதிரி வந்து போய்விடுகிறது. இந்தப் பாழாய்ப்போன மாத்திரை. மெக்கானிக்கைக் கேட்டால் அவர் நிறைய அணைத்து வைத்திருக்கிறேன், எது என்று சொல்லுங்கள் என்கிறார்.

மேனேஜரிடம் நானே சொல்லலாம். சொன்னால் நாற்காலிக்காக உன்னை மாட்டிவிட்டேன் என்று ஆகும். ஆகவே நீயே சொல்.

அண்ணி

மார்ச் 14, வெள்ளி

அண்ணி,

ரெண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். இப்போதும் எனக்குத் தெளிவாக இல்லை.

‘சாண்’ என்று போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. ‘பிரேக்’ என்று போட்டால் முழுக் கம்பெனியும் வருகிறது. கனவில் எதையாவது கண்டீர்களோ என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள்தானே தூங்கினேனா இல்லையா என்று தெரியவில்லை என்று எழுதினீர்கள்?

எல்லோருக்கும் நம்ப வேண்டாம் என்று மெயில் போட்டால் மேனேஜருக்கும் நகல் போகும். நேற்றுதான் அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இந்த வேலையை எனக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, உங்களை ஸ்டோருக்கு மாற்றலாம் என்று யோசிக்கிறாராம். நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு அந்த நாற்காலி பிடித்திருக்கிறது, அண்ணி. காலுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டால் எட்டுகிறது.

கோபத்தில் ஒன்று கேட்கிறேன். உங்களைத் தவிர யாருக்குமே புரியாத மாதிரி இதையெல்லாம் ஏன் வைத்திருந்தீர்கள்? கறுப்பு என்றால் என்ன, வெளுப்பு என்றால் என்ன என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா? உங்களை யாரும் அசைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே?

போன் அடிக்காதீர்கள். எடுக்கமாட்டேன்.

வாலு

மார்ச் 15, சனி

நாலாம் மாடி வாத்தியார்.

வாக்கரை வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் கால் தட்டியது. அந்தச் சின்ன மேட்டைப் பார்த்ததும் முகம் வந்துவிட்டது. ரிட்டையர்டு பூகோள வாத்தியார், இதயத்தில் ஆபரேஷன் ஆனவர், படி ஏறக் கூடாது. ‘சாண்’ என்று எழுதியிருக்கமாட்டார், ‘பதினெட்டு சென்டிமீட்டர்’ என்றுதான் எழுதியிருப்பார். ஸ்கேல் வைத்து அளந்திருப்பார். பெரியப்பாவில் தேடு, கடைசி வரியைப் பார்.

உனக்கும் மேனேஜருக்கும் மெக்கானிக்குக்கும் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. வாத்தியார் நம்பர் என்னிடம் இல்லை, ஆபீஸில் அவர் மெயிலிலேயே இருக்கிறது.

சண்டையெல்லாம் அப்புறம். எழுந்து ஓடு.

மார்ச் 17, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் நன்றாக இருக்கிறார்.

சனிக்கிழமை உங்கள் மெயிலைப் பார்த்ததும் ஆபீஸுக்குப் போய்ப் பெரியப்பாவைத் திறந்தேன். வாத்தியார் மெயில்கள் ஒரு மூட்டை. மாடியில் வரும் காற்றைப் பற்றி, காவலாளியின் இருமலைப் பற்றி, கடைசியில் போகிற போக்கில் பதினெட்டு சென்டிமீட்டர். அதற்குக் கீழே என் கடிதம். அவர் நம்பருக்கு அடித்தேன். வாத்தியார் மனைவி எடுத்தார்கள். “அவரு லிஃப்ட்ல இருக்காரும்மா, மெக்கானிக் வந்துட்டாரு” என்றார்கள்.

வாத்தியார் என் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் காவலாளியிடம் காட்டியிருக்கிறார். கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டதே என்று காவலாளி சுவிட்சைப் போட்டிருக்கிறார். வாத்தியார் ரொம்ப நாளைக்குப் பிறகு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்பியிருக்கிறார். லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் சறுக்கி நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் கதவை நெம்பித் திறந்துகொண்டிருந்தார். அதனால்தான் அவர் உங்கள் போனை எடுக்கவில்லை. வாத்தியார் லிஃப்ட் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. ஸ்டூல் போட்டு இறக்கினோம். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றினார்.

நான்தான் அந்தக் கடிதத்தை அனுப்பினேன் என்று சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்துப் பிரித்தார். “எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லம்மா” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலையில் அவரிடமிருந்து ஒரு மெயில். வழக்கம் போல நீளமாக இருக்கும் என்று திறந்தேன். “உங்கள் கடிதத்தை நம்பி ஏறினேன்.” அவ்வளவுதான். கீழே வேறு ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரம் இழுத்து இழுத்துப் பார்த்தேன் தெரியுமா?

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமையே நீங்கள் எச்சரித்ததையும், நாற்காலி ஆசையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “எனக்கு இப்ப யாரைத் திட்டுறதுன்னே தெரியலம்மா” என்றார். நீங்கள் வரும்வரை நான் இருக்கலாம், அதற்கு மேல் கிடையாது. அதுதான் நியாயம்.

எல்லோருக்கும் அந்த மெயிலை அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுக் கேட்டு, ஓடாததையெல்லாம் மறுபடியும் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். இன்பாக்ஸ் திரும்பவும் அசிங்கமாகிவிட்டது. வாத்தியார் மெயிலை எங்கே வைப்பது என்று மட்டும் புரியவில்லை. பெரியப்பாவில் போட முடியவில்லை. அது ஒரே வரி.

போன கடிதத்தில் உங்களை அப்படிக் கேட்டது தப்பு. என்னை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

வாலு

மார்ச் 26, புதன்

அண்ணி,

நீங்கள் பதில் போடவில்லை. கோபம் இருக்கும், இருக்கட்டும் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் உங்களைப் பார்த்துவிட்டு வந்தான். உங்கள் மடியில் இருந்த கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தானாம். “உன் மெயிலை அவ தொடவே இல்ல, கறுப்பா அப்படியே கிடக்கு” என்று சாப்பிடும்போது சொன்னான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

திட்டி எழுதியிருந்தால்கூடத் தேவலை. திறந்துகூடப் பார்க்காத அளவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா? இனி எழுதமாட்டேன். பாகம் வந்துவிட்டது, வாத்தியார் வீட்டு பிரேக்கை நாளைக்கு மாற்றுகிறார்கள், அதைச் சொல்லத்தான் எழுதினேன். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டேன்.

வாலு

மார்ச் 27, வியாழன்

வாலு,

உன் அண்ணனுக்குப் பார்க்கத் தெரியும். பார்த்ததைப் புரிந்துகொள்ளத்தான் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

நான் ஏன் எழுதவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உட்காருவேன், அன்புள்ள என்று ஆரம்பிப்பேன், அழிப்பேன். கோபம் முதல் ரெண்டு நாளில் போய்விட்டது. அப்புறம் இருந்தது கோபம் இல்லை. யாருக்கும் புரியாத மாதிரி ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாயே, அது தப்பு என்று நீ எழுதிவிட்டாய், ஆனால் கேள்வி போகமாட்டேன் என்கிறது. நீ சொன்னது சரி என்று வைத்தால் எனக்கு வலிக்கிறது. தப்பு என்று வைத்தால் வாத்தியார் லிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார். நானும் அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். உன்னை மாட்டிவிட்டதாக ஆகும் என்று எழுதினேன். நாலு பேர் என்னை என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன், அதுதான் உண்மை.

நேற்று மேனேஜருக்கு போன் போட்டேன். இந்த இன்பாக்ஸ் ஒரு ஆள் தலைக்குள் இருக்கிறவரை இப்படித்தான் நடக்கும், ரெண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த ரெண்டாவது ஆள் இதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவளாக இருந்தால் நல்லது என்றேன். யோசிக்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சரி என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு நான் நேரில் வருகிறேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதே.

கறுப்பு என்றால் என்ன என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு. ஃபோல்டர்களின் பெயரை யாருக்கும் புரிகிற மாதிரி மாற்று. நாத்தனாரை மட்டும் விட்டுவை. வாத்தியாரை ஒரு தடவை நேரில் போய்ப் பார், அவர் மறுபடி நீளமாக எழுத ஆரம்பித்தால்தான் எனக்கு நிம்மதி.

உன் மெயிலை அது வந்த அன்றே படித்துவிட்டேன். மறுநாளும் படித்தேன். அதற்கப்புறமும் தினம் தினம் படித்தேன். படித்து முடித்த ஒவ்வொரு தடவையும் படிக்காததாக மாற்றி வைத்தேன். நான் எதை அப்படி வைப்பேன் என்று உன் அண்ணனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

நான் வந்து உன் பக்கத்தில் உட்காரும்வரை அது கறுப்பாகவே இருக்கும்.

அண்ணி